பாத்திரத்துல படியுற வெள்ளையும் கிட்னியில வளர்ற கல்லும்: தண்ணியைத் திட்டாதீங்க மக்களே

1/
வியாசர்பாடி பக்கம் பிராக்டிஸ் பண்ற எந்த டாக்டரும் இந்தக் கேள்வியைத் தப்பிக்க முடியாது. "டாக்டர், போர் தண்ணியைக் கொதிக்க வெச்சா பாத்திரத்துல வெள்ளை வெள்ளையா உப்பு படியுது. இதையே தினமும் குடிச்சா கிட்னியில கல்லு வராதா?"

நியாயமான கேள்வி. ஆனா ஊர்ல இதுக்குச் சொல்ற பதில் தப்பு. அந்தப் பதிலை நம்பி நிறைய பேர் காசையும் உடம்பையும் கெடுத்துக்கறாங்க. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பாத்திரத்துல படியுற வெள்ளையைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. போதுமான தண்ணி குடிக்காம ஒரு நாள் முழுக்க வெயில்ல வேலை செய்யுறதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அதுக்கு நம்ம சோம்பேறித்தனத்தை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ஏன்னு கடைசியில சொல்றேன்.

3/
அந்த வெள்ளை என்ன? நாம "உப்பு"ன்னு சொல்றோம். உண்மையில அது சுண்ணாம்புப் பொருள். வேதியியல் பேர் கால்சியம் கார்பனேட். எண்ணூர்க் கழிமுகத்துல கிடைக்குற மட்டி ஓடு, பவளப்பாறை, சலவைக்கல் எல்லாமே இதே சரக்குதான்.

பழைய மெட்ராஸ் கட்டடங்கள்ல சுவர் பளபளன்னு மின்னுமே, அந்தச் சுண்ணாம்புப் பூச்சு கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புல செஞ்சது. பூசினபிறகு காத்துல இருக்குற கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கால்சியம் கார்பனேட்டா இறுகிடும்.

4/
சரி, தெளிவா இருக்குற தண்ணிக்குள்ள இது எப்படி ஒளிஞ்சிருக்கு?

மழைத்தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும்போது கரியமில வாயுவைக் கரைச்சுக்கும். லேசா அமிலமாகும். அது மண்ணுல இருக்குற சுண்ணாம்பைக் கரைச்சு, கால்சியம் பைகார்பனேட்டா தூக்கிட்டு வரும். இந்த வடிவத்துல அது கண்ணுக்குத் தெரியாது.

அடுப்புல வெச்சுக் கொதிக்க விட்டா கரியமில வாயு பறந்துடும். தூக்கிப் பிடிச்ச கை போயிடுச்சு. சுண்ணாம்பு கீழே உட்கார்ந்துடும். உங்க கெட்டில்லயும் ஹீட்டர் காயில்லயும் நடக்குறது இதுதான்.

5/
இப்பதான் முக்கியமான பாடம். கல்லு வளருமா, எவ்வளவு வேகமா வளரும்ங்கறதை "எவ்வளவு கால்சியம் இருக்கு"ங்கற ஒரே கணக்கு தீர்மானிக்காது. அந்தக் கரைசல்ல கூட வேற என்னென்ன இருக்குங்கறதும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். மூணு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க.

6/
ஒண்ணு, நெருக்கடி. கரைசல் தாங்கக்கூடிய அளவை விட எவ்வளவு அதிகமா கரைஞ்சிருக்கு? நெருக்கடி கூடக் கூட படிகம் வேகமா வளரும். அளவுக்குக் கீழே இருந்தா வளராது, இருக்குற கல்லும் கரைய ஆரம்பிக்கும்.

ரெண்டு, புளிப்பா காரமா? கரைசல் காரத்தன்மைக்குப் போகப் போக பைகார்பனேட் கார்பனேட்டா மாறும், சுண்ணாம்பு வேகமா வளரும். புளிப்பு ஏறினா கரையும். கெட்டில்ல வினிகர் ஊத்தினா நுரைச்சுக்கிட்டு வெள்ளை போகுதே, அதான்.

7/
மூணாவது, குறுக்கே வந்து உட்கார்ற ஆளுங்க.

படிகம் வளர்றதை செங்கல் சுவர் எழுப்புற மாதிரி நினைச்சுக்கங்க. அடுத்த கல்லை வைக்க ஒரு மூலை வேணும். அந்த மூலையில வேற யாராவது வந்து உட்கார்ந்துட்டா கொத்தனார் கையில எவ்வளவு செங்கல் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

மக்னீசியம், பாஸ்பேட், சிட்ரேட், சில புரதங்கள் இந்த வேலையைத்தான் செய்யுது. கொஞ்சூண்டு இருந்தாலே வளர்ச்சி வேகத்தைக் குறைச்சிடும்.

8/
சும்மா சொல்லலை. காசிமேட்டுல நின்னு கடலைப் பாருங்க. ஒரு லிட்டர் கடல்தண்ணியில ஏறத்தாழ 400 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. குடிதண்ணியில வேற வழியே இல்லாதப்போ நம்ம நாட்டுத் தர விதி அனுமதிக்குற உச்சம் 200 மில்லிகிராம். கடல்ல அதுக்கு ரெண்டு மடங்கு.

மேற்பரப்புக் கடல்நீர் கால்சியம் கார்பனேட்டைத் தாங்கக்கூடிய அளவைத் தாண்டித்தான் இருக்கு. ஆனா கடல் பால் மாதிரி வெளுத்துப் போகுதா? இல்லையே. லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவுக்கு மக்னீசியம் கூடவே இருக்கு. அது வழியை மறிக்குது. மட்டியும் ஆளியும் மெனக்கெட்டு உடம்புக்குள்ள ஓடு கட்டினாத்தான் உண்டு.

9/
இன்னொரு உதாரணமும் பக்கத்துலயே இருக்கு. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில 2010-ல திறந்த கடல்நீர் குடிநீர் ஆலை. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்குற அளவு. வடசென்னைக்குத்தான் அந்தத் தண்ணி.

இந்த மாதிரி ஆலைகள்ல சவ்வுகள் மேல சுண்ணாம்பு படிஞ்சா வேலை முடிஞ்சது. அதைத் தடுக்க லிட்டருக்குச் சில மில்லிகிராம் தடுப்பு மருந்து போதும். மொத்தக் கால்சியத்தையும் பிடுங்கி எடுக்க வேண்டியதில்லை. மூலையில ஆள் உட்கார்த்தி வெச்சா போதும்.

இதைவிட வேடிக்கை, இப்படி வடிகட்டி வர்ற தண்ணி ரொம்ப "வெறுமையா" இருந்தா குழாயையே அரிக்கும்னு, கடைசியில திரும்பச் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்துத்தான் அனுப்புவாங்க.

10/
இப்போ கிட்னிக்கு வருவோம்.

கிட்னியில வர்ற கல்லுல ஏறத்தாழ அஞ்சுல நாலு கால்சியம் கல்லுதான். ஆனா பெரும்பாலும் அது கால்சியம் ஆக்சலேட். உங்க பாத்திரத்துல படியுற கால்சியம் கார்பனேட் கல்லு மனுஷங்க சிறுநீர்ப் பாதையில வர்றது ரொம்ப அபூர்வம். குதிரைக்கும் முயலுக்கும் அது சகஜமா வரும். நமக்கு இல்லை.

அதாவது பாத்திரத்துல இருக்குற வெள்ளை அப்படியே நடந்து போய் கிட்னியில உட்கார்றதில்லை. அது வேற கல்லு, இது வேற கல்லு.

11/
"சரி டாக்டர், கல்லு வேற. ஆனா கால்சியம் அதே கால்சியம்தானே?"

கணக்குப் போடுவோம். நம்ம தர விதிப்படி குடிதண்ணியில லிட்டருக்கு 75 மில்லிகிராம் கால்சியம் வரைக்கும் நல்ல தண்ணி. அப்படிப்பட்ட தண்ணியை மூணு லிட்டர் குடிச்சா 225 மில்லிகிராம். ஏறத்தாழ ஒரு டம்ளர் பாலுல இருக்குற அளவு. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையோ 1,000 மில்லிகிராம்.

தண்ணியோட கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலக் காரணம் காட்டி எந்த வரம்பும் வைக்கலை.

12/
அதைவிட முக்கியம் இது. சாப்பாட்டுல வர்ற கால்சியம், கீரை, வேர்க்கடலை மாதிரியானதுல இருந்து வர்ற ஆக்சலேட்டைக் குடல்லயே பிடிச்சு மலத்தோட வெளியே அனுப்பிடும். கால்சியத்தைக் குறைச்சா பிடிக்க ஆள் இல்லாம ஆக்சலேட் ரத்தத்துக்குப் போய் கிட்னிக்கு வரும்.

இத்தாலியில அடிக்கடி கல்லு வர்ற 120 ஆண்களை ரெண்டா பிரிச்சு அஞ்சு வருஷம் பார்த்தாங்க. 2002-ல முடிவு வந்தது. கால்சியத்தைக் குறைச்சவங்க 60 பேர்ல 23 பேருக்குத் திரும்பக் கல்லு. கால்சியத்தைக் குறைக்காம, உப்பையும் இறைச்சியையும் குறைச்சவங்க 60 பேர்ல 12 பேருக்கு மட்டும்தான்.

13/
இதைத் தெரிஞ்சுக்காம என்ன நடக்குது? ஸ்கேன்ல 4 மில்லிமீட்டர் கல்லு தெரிஞ்சவுடனே வீட்டுல பால் நிறுத்தம், தயிர் நிறுத்தம். பயந்துபோய் பசங்களுக்கும் சேர்த்து நிறுத்துறாங்க. வளர்ற பசங்களுக்கும் மாதவிடாய் நின்ன அம்மாக்களுக்கும் எலும்பு என்னாகும்? கல்லுக்குப் பயந்து எலும்பை அடகு வெக்குறோம்.

14/
அப்போ கல்லு எதனால வருது? பரம்பரை, உப்பு, உடல் பருமன், சில நோய்கள்னு பட்டியல் இருக்கு. ஆனா முதல் பாடத்துல சொன்ன "நெருக்கடி"யை மறந்துடாதீங்க. சிறுநீர் கெட்டியாகறதுதான் பெரிய நெருக்கடி.

நீங்க ரெண்டு லிட்டர் சிறுநீர் போக வேண்டிய இடத்துல ஒரு லிட்டர்தான் போறீங்கன்னு வெச்சுக்கங்க. கால்சியம் ரெண்டு மடங்கு கெட்டி. ஆக்சலேட்டும் ரெண்டு மடங்கு கெட்டி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு சந்திக்குற வாய்ப்பு நாலு மடங்கு. தண்ணி பாதியா குறைஞ்சா ஆபத்து ரெண்டு மடங்கோட நிக்காது.

15/
இதையும் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. முதல் தடவை கல்லு வந்தவங்களை, நிறைய தண்ணி குடிக்கச் சொல்லி ஒரு குழு, வழக்கம்போல விட்டு ஒரு குழுன்னு அஞ்சு வருஷம் தொடர்ந்தாங்க. 1996-ல வந்த முடிவு: வழக்கம்போல இருந்தவங்கள்ல 27 சதவீதம் பேருக்குத் திரும்பக் கல்லு. தண்ணி குடிச்சவங்கள்ல 12 சதவீதம் பேருக்கு.

மாத்திரை இல்லை, ஆபரேஷன் இல்லை. வெறும் தண்ணி.

16/
மூணாவது பாடமும் கிட்னிக்குப் பொருந்தும். நம்ம சிறுநீர்ல சிட்ரேட் இருக்கு. அது கால்சியத்தைக் கட்டிப் பிடிச்சுக்கும், படிகம் வளர்ற மூலையையும் மறிக்கும். எலுமிச்சை, சாத்துக்குடி, ஆரஞ்சுல சிட்ரேட் உண்டு. அதனாலதான் எலுமிச்சைத் தண்ணி நல்லதுன்னு சொல்றோம். ஆனா அதுல ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் குடிக்காதீங்க. உப்பு கூடினா சிறுநீர்ல கால்சியமும் கூடும்.

17/
"வினிகர் கெட்டில்ல கல்லைக் கரைக்குதே, குடிச்சா கிட்னிக் கல்லைக் கரைக்காதா?"

கரைக்காது. கெட்டில்ல இருந்தது கார்பனேட், புளிப்புக்குக் கரையும். கிட்னியில இருக்குறது பெரும்பாலும் ஆக்சலேட், அது அப்படிக் கரையாது. தவிர நீங்க குடிச்ச வினிகர் வினிகராவே கிட்னிக்குப் போறதும் இல்லை. வாழைத்தண்டுச் சாறு பிடிச்சா குடிங்க, கூடவே தண்ணி உள்ளே போகும். ஆனா 10 மில்லிமீட்டர் கல்லை அது கரைக்கும்னு ஆறு மாசம் காத்திருந்து கிட்னியை இழக்காதீங்க.

18/
அடுத்து நம்ம ஊரோட பெரிய பொய். "பீர் அடிச்சா கல்லு கரைஞ்சிடும் மச்சி."

கரையாது. சிறுநீர் கொஞ்ச நேரம் நிறைய போகும், அவ்வளவுதான். அந்த வேலையைப் பச்சைத்தண்ணியே செய்யும்.

ஆனா இந்தப் பொய்யில ஒரு கொடுமையான முரண் இருக்கு. நம்ம உடம்புக்குள்ள நிஜமாவே சுண்ணாம்புக் கல்லு, அதே கால்சியம் கார்பனேட், வளர்ற ஒரு இடம் இருக்கு. அது கணையம்.

19/
கணையம் சாப்பாட்டைச் செரிக்க வைக்கவும் வயித்து அமிலத்தை முறிக்கவும் ஒரு நீர் சுரக்குது. அதுல பைகார்பனேட் ரத்தத்துல இருக்குறதைப்போல நாலஞ்சு மடங்கு வரைக்கும் போகும். காரமான கரைசல், கூடவே கால்சியம். மேலே சொன்ன பாடப்படி கல்லு வளர ஏத்த இடம்.

பின்னே ஏன் எல்லாருக்கும் கல்லு வரலை? சிட்ரேட்டும் சில புரதங்களும் மூலையில உட்கார்ந்து காவல் காக்குது.

20/
வருஷக்கணக்கா குடிக்குறவங்களுக்கு அந்த நீர் கெட்டியாகும், புரதம் திரண்டு குழாயை அடைக்கும், காவலும் பலவீனமாகும். அடைப்பு மேல சுண்ணாம்பு படிகம் படிகமா வளரும். சிகரெட்டும் சேர்ந்தா இன்னும் மோசம்.

கிட்னிக் கல்லைக் கரைக்கறேன்னு தொடங்கின பீர் பழக்கம், கடைசியில கணையத்துல கல்லு வளர்க்குற பழக்கமா முடியலாம்.

21/
குடிக்காதவங்களுக்கும் கணையக் கல்லு வரும். கேரளத்திலயும் தமிழ்நாட்டிலயும் இளவயசுலயே வர்ற ஒரு வகை, மரபணுக் காரணங்களும் சேர்ந்தது, பல பத்தாண்டுகளா மருத்துவ உலகத்துக்குத் தெரியும். அதனால கணையக் கல்லுன்னு கேட்டவுடனே ஒருத்தரைக் குடிகாரர்னு முத்திரை குத்தாதீங்க.

மேல்வயித்துல வலி, முதுகு வரைக்கும் பாயுது, சாப்பிட்டா கூடுது. எடை குறையுது. மலம் எண்ணெய் மாதிரி மிதக்குது. புதுசா சர்க்கரை வந்திருக்கு. இதையெல்லாம் "கேஸ்"னு சொல்லி சோடா குடிச்சுத் தள்ளிப்போடாதீங்க.

22/
இப்போ ஆர்.ஓ. மெஷினுக்கு வருவோம். வீட்டுக்கு வந்து டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணியில விட்டு, நம்பரைக் காட்டி பயமுறுத்துறாங்க. அந்த மீட்டர் கரைஞ்சிருக்குற உப்போட மொத்தத்தைத்தான் சொல்லும். சாக்கடை கலந்திருக்கான்னு சொல்லாது. கிருமி இருக்கான்னு சொல்லாது.

நிலத்தடியில கடல்தண்ணி ஏறி வாயில வைக்க முடியாத உப்பா இருந்தா ஆர்.ஓ. தேவைதான், மறுக்கலை. ஆனா கிட்னிக் கல்லுக்குப் பயந்து மட்டும் கடன் வாங்கி வாங்காதீங்க. ஒரு குடம் கொடுக்க ரெண்டு மூணு குடத்தை வெளியே கொட்டுற மெஷின் அது.

23/
நம்ம தெருவுல உண்மையில பயப்பட வேண்டியது மழைக்காலத்துல குடிநீர்க் குழாய்ல சாக்கடை கலக்குறது. நாத்தம் வந்தா, நிறம் மாறினா அந்தத் தண்ணியைக் குடிக்கவே குடிக்காதீங்க. மெட்ரோ வாட்டர்ல புகார் கொடுங்க. நல்லா இருக்குற மாதிரி தெரிஞ்சாலும் அந்த நாட்கள்ல கொதிக்க வெச்சுக் குடிங்க. கொதிக்க வெச்சா வெள்ளை படியும். படியட்டும். வடிகட்டிக் குடிங்க. வெள்ளை வருதேன்னு கொதிக்க வைக்கிறதையே நிறுத்தின வீடுங்க இருக்கு. அது டைபாய்டையும் மஞ்சள்காமாலையையும் கூப்பிட்டு உட்கார வைக்குற வேலை.

24/
கடைசியா, முதல்ல சொன்ன விஷயம். ஏன் நம்ம ஆளுங்க தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க?

துறைமுகத்துல லோடு ஏத்துறவர், எண்ணூர் மணலி ரோட்டுல டிரெய்லர் ஓட்டுறவர், ஆட்டோ ஓட்டுறவர், கான்ட்ராக்ட்ல குப்பை அள்ளுற அக்கா, ஜவுளிக்கடையில நிக்குற பொண்ணு. இவங்ககிட்ட "தினமும் மூணு லிட்டர் குடிங்க"ன்னு சொன்னா சிரிப்பாங்க. குடிச்சா எங்கே போறது?

காலையில எம்.கே.பி. நகர்ல பஸ் ஏறி ராத்திரி வீடு திரும்புற வரைக்கும் ஒரே ஒரு தடவை போற பெண்கள் இருக்காங்க. அவங்க தாகம் தெரியாதவங்க இல்லை. கழிவறை இல்லாததால தாகத்தை அடக்கக் கத்துக்கிட்டவங்க. கல்லும் சிறுநீர்த் தொற்றும் அவங்களுக்கு வராம யாருக்கு வரும்?

25/
நிழல்ல ஏ.சி.யில உட்கார்ந்து "தண்ணி குடிங்க"ன்னு அறிவுரை சொல்றது சுலபம். வேர்வையா ஊத்துறவருக்கு மூணு லிட்டர் குடிச்சாலும் சிறுநீர் ஒரு லிட்டர்தான் வரும். சட்டத்துல இதெல்லாம் புதுசு இல்லை. 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்துலயே குடிதண்ணியும் கழிவறையும் முதலாளி கொடுக்கணும்னு இருந்தது. 250 பேருக்கு மேல வேலை பார்க்குற இடத்துல வெயில் காலத்துல குளிர்ந்த தண்ணி கொடுக்கணும்னுகூட இருந்தது.

26/
2021-ல கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்கணும்னு தமிழ்நாடு சட்டம் திருத்தினது. 2024-ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சது. பள்ளிக்கூடத்துல பசங்க தண்ணி குடிக்க மணி அடிக்குற பழக்கம் 2019-ல கேரளத்துல தொடங்கி நம்ம ஊருக்கும் வந்தாச்சு.

இதோட அடுத்த படி, வேலை செய்யுற பெரியவங்களுக்கும் தண்ணி நேரமும் சுத்தமான கழிவறையும். லாரிங்க மணிக்கணக்கா வரிசையில நிக்குற துறைமுக ரோட்டுல, ஆட்டோ ஸ்டாண்டுல, குப்பை வண்டி நிக்குற டிப்போவுல. ஒரு கழிவறை கட்டுற செலவையும், கல்லை உடைக்குற செலவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க.

27/
உங்க கையில இருக்குறது:

- சிறுநீர் வெளிர் மஞ்சளா இருக்கற வரைக்கும் தண்ணி. கல்லு வந்தவங்களுக்கு இலக்கு ஒரு நாளைக்கு 2.5 லிட்டர் சிறுநீர்.
- பால், தயிர் நிறுத்தாதீங்க. சாப்பாட்டோட சேர்த்துக்கங்க.
- ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் குறைங்க.
- கல்லு வெளியே வந்தா தூக்கிப் போடாதீங்க. சோதிச்சா என்ன கல்லுன்னு தெரியும், மருத்துவம் அதைப் பொறுத்தது.
- இதய, கிட்னி செயலிழப்பு உள்ளவங்க உங்க டாக்டர் சொன்ன அளவு மட்டும் குடிங்க.

28/
விலா வலியோட குளிர் காய்ச்சல் வந்தா, சிறுநீர் சுத்தமா நின்னுட்டா, ஒத்தைக் கிட்னி உள்ளவங்களுக்கு வலி வந்தா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. ஸ்டான்லி பக்கத்துலதான் இருக்கு. மறுநாள் பார்த்துக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம்.

29/
உங்க வேலை இடத்துல குடிதண்ணி இருக்கா? நடந்து போற தூரத்துல தாழ்ப்பாள் உள்ள, தண்ணி வர்ற கழிவறை இருக்கா? இல்லைன்னா கமெண்ட்ல எந்த ஏரியா, என்ன வேலைன்னு மட்டும் எழுதுங்க. உங்க பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். சேர்த்து வைப்போம். கேட்க வேண்டிய இடத்துல சேர்ந்து கேட்போம்.

இதை உங்க தெரு வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. பீர் பார்வர்டு வந்த அதே குரூப்ல.